ஈரத் துணி

பிப்ரவரி 4

பேக்கிங்காரிக்கு,

இந்தப் பெயரில் உன்னைக் கூப்பிட்டு வருஷங்கள் ஆகின்றன. முகம் சுளிக்காமல் படி. ஒர்க்‌ஷாப்புக்குப் போன் செய்தால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்குள் ஒரு வரியாவது கண்ணில் படாதா என்ற நப்பாசையில் எழுதுகிறேன்.

நம்மிடம் முன்பு வேலை பார்த்த பெயிண்டர் இந்தப் பக்கம் ஒரு வேனுக்கு வர்ணம் அடிக்க வந்திருந்தான். நம் வாஷருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருப்பதாகச் சொன்னான். நான் பெற்ற மகளின் கல்யாணச் செய்தியை ஒரு பெயிண்டர், டீயை ஊதிக்கொண்டே, போகிற போக்கில் சொல்கிறான். எனக்கு முன்பே தெரிந்தது போலத் தலையாட்டி வைத்தேன். அவன் போன பிறகு நம் பழைய கார் கிழவியின் பானட்டில் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன்.

அவளை வாஷர் என்று இப்போது யாராவது கூப்பிடுகிறீர்களா? பத்து விரலிலும் வாஷரை மோதிரமாக மாட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப் முழுக்கத் திரிந்தவள். ஒன்று விரலை விட்டு வராமல் போய், நீ சோப்பு போட்டு இழுத்தாயே, அவள் அழாமல் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடந்தது நடந்துவிட்டது. சீட் தைக்க வந்தவளோடு நான் கிளம்பியதைப் பற்றிப் பேச இந்தக் கடிதம் இல்லை. நீ பேசியதே ஊருக்குப் போதும். நான் கேட்பது ஒன்றுதான். கல்யாணத்துக்கு வரலாமா? ஓரமாக நிற்கிறேன். அவளிடம் கேட்டு எழுது.

மேஸ்திரி

பிப்ரவரி 10

மேஸ்திரிக்கு,

கூட வாழ்ந்த காலமெல்லாம் ‘நீங்கள்’ என்றேன். இனி ‘நீ’. அந்த மரியாதையையும் நீ வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாய்.

கடிதத்தைக் கிழிக்கவில்லை. கிழித்தால் குப்பையை நான்தான் பெருக்க வேண்டும்.

உன் மகளிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்து வைத்தாள். சாப்பிட்டாள், தட்டைக் கழுவினாள். கை துடைக்கும்போது சொன்னாள்: “கிழவியில வந்தா வரட்டும். மண்டபத்துலேர்ந்து நான் அதுலதான் கிளம்புவேன். பஸ்ல வந்து இறங்கினா வாசலோட அனுப்பிடும்மா.”

ஏன் என்று கேட்டேன்.

“ஓட்டிட்டுப் போனாருல்ல. ஓட்டிட்டு வரட்டும்.”

நீ போன அன்று தெருமுனை வரை அவள் அந்த வண்டியின் பின்னால் ஓடி வந்தாள். கண்ணாடியில் பார்த்திருப்பாய். பார்க்கவில்லை என்று எழுதாதே.

என்னைக் கேட்டால் நீ வரவே கூடாது. ஆனால் கல்யாணம் அவளுடையது. மார்ச் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கும். மண்டபம் கிடைப்பதைப் பொறுத்து முடிவாகும். கிழவி ஓடுகிற நிலையில் இருக்கிறாளா? எனக்குச் சந்தேகம்தான். நீ கூட்டிக்கொண்டு போன எதுவும் நல்லபடியாக இருந்து நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 16

பேக்கிங்காரிக்கு,

‘நீ’ என்று நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். பரவாயில்லை, காதுக்கு ஒன்றும் குறைவாக இல்லை. வரலாம் என்று வாஷர் சொல்லிவிட்டாள், அது போதும். அன்று நான் வேலையே செய்யவில்லை. பார்க்கிறவனிடமெல்லாம் மகளுக்குக் கல்யாணம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இப்போது ஒரு சிக்கல். நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். கிழவி ஒழுகுகிறாள்.

இன்ஜினுக்கும் அடியில் தொங்கும் எண்ணெய்ச் சேம்பருக்கும் நடுவே நீ வெட்டிப் போட்ட பேக்கிங் ஆயுசு முடிந்து பொடிந்துவிட்டது. நிறுத்துகிற இடமெல்லாம் கறுப்பாகக் குட்டை கட்டுகிறது. அங்கே வர ஒரு பகல் முழுக்க ஓட்ட வேண்டும், நடுவில் மலைப்பாதை வேறு. இப்போதைய நிலையில் ஏற்றம் வருவதற்குள் சேம்பர் காலியாகிவிடும்.

கடையில் வாங்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. நம் கிழவிக்கு இன்ஜின் ஒரு வண்டியுடையது, சேம்பர் வேறொரு வேனுடையது. பழைய சேம்பர் விரிசல் விட்டபோது நீயும் நானும் விளிம்பில் புதுத் துளை போட்டு அதை மாட்டினோமே. அந்தத் துளைகளுக்கு உலகத்தில் எந்தக் கடைப் பேக்கிங்கும் ஒத்துவராது. ரப்பர் ஷீட் வாங்கி நானே துளையடித்துப் பார்த்தேன். போல்ட்டை முடுக்க முடுக்க வெளியே பிதுங்கி நாக்கை நீட்டியது. பிறகு பேக்கிங்கே வேண்டாமென்று வெறும் பேஸ்டை அப்பினேன். நாலு நாள் நின்றது, அப்புறம் பழைய கதைதான்.

உன் மேசைக்கு மேலே ஆணியில் தொங்குமே, கிழவியின் சேம்பருக்கான தகர அச்சு, அதை அனுப்பு. வைத்து நானே வெட்டிக்கொள்கிறேன். இவளும் கூடமாட உதவுவாள், கத்தரி பிடித்துப் பழகிய கை.

மேஸ்திரி

பிப்ரவரி 22

மேஸ்திரிக்கு,

அச்சு வராது. என் ஆணியில் தொங்குகிறது, அங்கேயே தொங்கும். கத்தரி பிடித்த கை எதையெல்லாம் வெட்டும் என்று எனக்குத் தெரியும், நீ சான்றிதழ் கொடுக்க வேண்டாம்.

பேக்கிங்கை நானே வெட்டி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உனக்காக என்று நினைத்துக்கொள்ளாதே. கார்க் ஷீட்டை விரித்தபோது அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். துளை போடப் போட விழுந்த குட்டி வட்டங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். “வருவாரா?” என்று கேட்டாள். வண்டி வரும் என்றேன். அதனால்தான் இது.

ரப்பரை மறந்துவிடு. அந்தச் சேம்பரின் விளிம்பு மெல்லிய தகடு. ரப்பர் அதில் நிற்காமல் வழுக்கும். வெறும் பேஸ்ட் அதைவிட மோசம். வெளியே எவ்வளவு பிதுங்குகிறதோ அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும். அந்தத் துணுக்குகள் எண்ணெயோடு போய்ப் பம்பின் சல்லடையில் அடைத்தால் இன்ஜின் இறுகிப் பூட்டிக்கொள்ளும். மலைப்பாதையில் பூட்டிக்கொண்டால் எனக்கு நல்லதுதான். ஆனால் அவள் வண்டியைக் கேட்டிருக்கிறாள். ஆகவே சேம்பரை இறக்கிய கையோடு சல்லடையைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவு. பேஸ்டை முழுக்கச் சுரண்டி எடு. மேடுபள்ளத்துக்குத் தக்கபடி அமுங்கிக் கொடுப்பது கார்க் ஒன்றுதான்.

சேம்பரைக் கவிழ்த்துப் போல்ட் துளைகளைப் பார். நீ முடுக்கிய முடுக்கில் எல்லாம் உப்பியிருக்கும். மரக்கட்டை மேல் வைத்துத் தட்டிச் சமமாக்கு. நடுவிலிருந்து ஆரம்பித்து, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக முடுக்கிக்கொண்டு வா. ஸ்பேனரைக் கழுத்தில் பிடி, வாலில் பிடிக்காதே. உனக்கு எதையும் அளவோடு நிறுத்த வராது. இதிலாவது நிறுத்து.

மற்றதெல்லாம் எப்போதும் போல.

மண்டபக்காரர் நாளைக்கு உறுதி சொல்வதாக இருக்கிறார். தேதியை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

மார்ச் 1

பேக்கிங்காரிக்கு,

பார்சல் வந்தது. சல்லடையைக் கழுவினேன், விளிம்பைத் தட்டினேன், நீ சொன்னதையெல்லாம் பள்ளிக்கூடப் பையன் மாதிரி செய்தேன். பிறகு உன் பேக்கிங்கை எடுத்து விளிம்பில் வைத்தேன்.

குறைகிறது.

முன்பக்கத் துளையைப் பொருத்தினால் பின்பக்கத் துளை பாதி மூடி நிற்கிறது. பின்பக்கத்தைப் பொருத்தினால் முன்பக்கம் அம்போ. கொஞ்சம் இழுத்துப் பார்த்தேன், மூலையில் விரிசல் விட்டது.

உன் கை தவறாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். நூறு வண்டிக்கு வெட்டினால் நூறும் பொருந்தும். அப்படிப்பட்ட கை வெட்டியது குறைகிறது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். இவள் தன் இஞ்ச் டேப்பை எடுத்து வந்து நீளவாக்கில் அளந்து பார்த்தாள். சேம்பரையும் அளந்தாள். “அக்கா வேணும்னேதான் குறைச்சு வெட்டியிருக்காங்க, ஆத்திரம் இருக்காதா பின்ன” என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துவிட்டு அதைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டேன். ஒரு துண்டை இத்துடன் வைத்திருக்கிறேன். ஆணியில் மாட்டிக்கொள்.

நான் ஏன் போனேன் என்று ஊரெல்லாம் கேட்டாயே, இதற்குத்தான். அளப்பாய், வெட்டுவாய், துளை போடுவாய். நெஞ்சில் ஈரம் என்பது கிடையாது. உன்னோடு இருந்த காலம் முழுக்க ஒரு பேக்கிங்கோடு குடித்தனம் நடத்தியது போலத்தான் இருந்தது. இவள் தைக்கிற துணியில்கூட ஒரு சூடு இருக்கிறது.

வாஷரிடம் சொல், அப்பா வரத்தான் பார்த்தார், அம்மா விடவில்லை என்று. நீ சொல்ல மாட்டாய். எப்படியாவது நானே சொல்லிக்கொள்கிறேன்.

மேஸ்திரி

மார்ச் 7

மேஸ்திரிக்கு,

துண்டு கிடைத்தது.

ஈரம் இல்லை என்று எழுதியிருந்தாய். உண்மைதான். பேக்கிங்கில் ஈரம் இல்லை. கார்க் காய்ந்தால் சுருங்கும். இந்த வெயிலில் பார்சல் எங்கெங்கோ கிடந்து வந்திருக்கும். வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டிருந்தால் நீண்டுகொடுத்துத் துளைக்குத் துளை உட்கார்ந்திருக்கும். எந்த ஒர்க்‌ஷாப் எடுபிடியைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான். நீ இஞ்ச் டேப்பைக் கேட்டாய்.

அத்தனை வருஷமும் ஒவ்வொரு பேக்கிங்கையும் ஈரத் துணியில் சுற்றித்தான் உன் கையில் கொடுத்தேன். எதற்கென்று நினைத்தாய்? தூசு படாமல் இருக்கவா? நீ வண்டிக்கு அடியில் படுத்தபடியே கையை நீட்டுவாய். துணியை உதறி என் பக்கம் எறிந்துவிட்டுப் பேக்கிங்கை மட்டும் எடுத்துக்கொள்வாய். நான் துணியைப் பொறுக்கி அலசிக் காயப்போடுவேன். எப்போதும் போல என்று எழுதியது என் தப்பு. எப்போதும் என்ன நடந்தது என்பதை நீ ஒரு நாளும் பார்த்ததில்லை என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

என் பேக்கிங்கைத் தையல்காரியின் டேப் அளந்ததைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை.

வேறொன்று வெட்டி, ஈரத் துணியில் சுற்றி, அதற்கு மேல் பிளாஸ்டிக் தாள் சுற்றி அனுப்பியிருக்கிறேன். பிரித்த உடனே ஒற்றி எடுத்துப் போடு. முன்னும் பின்னும் அரைவட்டம் வந்து சேரும் நாலு மூலையில் மட்டும் பயறளவு பேஸ்ட் வை. முடுக்கி முடித்ததும் இன்ஜினைச் சூடாகும் வரை ஓடவிட்டு, ஆறிய பிறகு எல்லாப் போல்ட்டையும் இன்னொரு சுற்று தொட்டுப் பார். ஒழுகாது.

கல்யாணம் மார்ச் முப்பது, ஞாயிற்றுக்கிழமை. பழைய பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள மண்டபம், உனக்குத் தெரியும். காலை பத்து மணிக்கு வண்டி வாசலில் நிற்க வேண்டும்.

பத்திரிகை அனுப்ப மாட்டேன். அது விருந்தாளிகளுக்கு. நீ வண்டி ஓட்டி வருகிறவன்.

மார்ச் 14

பேக்கிங்காரிக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பேக்கிங்கைப் பற்றியே ஆரம்பிக்கிறேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பிரித்ததும் உடனே போடவில்லை. முதலில் உன்னைச் சந்தேகப்பட்டேன். போன தடவை குறைவு, இந்தத் தடவை என்ன வைத்திருப்பாளோ என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எங்காவது மெலிதாகச் சீவியிருக்கிறாயா என்று ஓரம் முழுக்க நகத்தால் தடவினேன். துளை ஒவ்வொன்றிலும் போல்ட்டை விட்டுப் பார்த்தேன். துணியைக்கூட மோந்து பார்த்தேன், ஏதாவது ஊற்றியிருப்பாயோ என்று. சோப்பு வாசனைதான் வந்தது.

வைத்தேன். பாய் விரித்த மாதிரி அப்படியே படிந்தது. ஸ்பேனரைக் கழுத்தில்தான் பிடித்தேன். ஓடவிட்டேன், ஆறவிட்டேன், திரும்ப முடுக்கினேன். அடியில் செய்தித்தாளை விரித்து வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் எழுந்து அதை எடுத்துப் படிக்கலாம் போல இருந்தது. ஒரு புள்ளி இல்லை. சந்தைக்குப் போகிற மேட்டில் ஏற்றி இறக்கினேன். எண்ணெய் முள் அசையவில்லை.

முன் கடிதத்தில் ஆத்திரத்தில் ஏதேதோ எழுதினேன். திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். ஈரத் துணியைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் என்னவோ செய்கிறது. துணியை உன் மேல் எறிவேனா நான்? எறிந்திருப்பேன். நீ பொய் எழுத மாட்டாய்.

வாஷர் உட்காரப்போகிற பின் சீட்டுக்கு இவள் புது உறை தைத்திருக்கிறாள், வெள்ளையில். கோபப்படாதே. நானும் ஒரு சட்டை தைத்துக்கொண்டேன். இன்னும் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். சாப்பாட்டுக்கு நான் எல்லோருடனும் உட்காரலாமா, இல்லை டிரைவர்களோடு வெளியே சாப்பிட வேண்டுமா? நீ எப்படிச் சொன்னாலும் சரி. முன்கூட்டியே தெரிந்துகொண்டால் அங்கே வந்து முழிக்க வேண்டாம், அதற்காகத்தான்.

மேஸ்திரி

மார்ச் 18

மேஸ்திரிக்கு,

இதை எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து, இப்போது எழுதுவது எத்தனையாவது என்று தெரியவில்லை. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். போல்ட்டைப் பற்றித்தான். கிளம்பும் முன் இன்னொரு சுற்று தொட்டுப் பார். கார்க் புதிதில் அமுங்கும்.

சாப்பாட்டுக்கு உள்ளேயே உட்காரலாம்.

வெள்ளை உறையா. நல்லது. வெள்ளையில்தான் அழுக்கு தெரியும்.

முந்தின நாளே வந்து நின்றுவிடாதே. கல்யாண வேலையில் உன்னைக் கவனிக்க இங்கே ஆள் கிடையாது, அவளும் பதற்றப்படுவாள். வழியில் எங்காவது தங்கிவிட்டு அன்று காலை வந்தால் போதும்.

அவள் இப்போதெல்லாம் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கிப் பார்க்கிறாள். கிழவியின் சத்தம் இல்லை என்று தெரிந்ததும் குனிந்துகொள்கிறாள். எனக்கு வேலை ஓட மாட்டேன் என்கிறது.

மலையிறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கியரில் நிதானமாக வாருங்கள்.

மார்ச் 30

பேக்கிங்காரிக்கு,

உன் ஒர்க்‌ஷாப் வாசலில், கிழவிக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பத்து மணிக்கு மண்டபத்து வாசலில் நின்றேன். உள்ளே ஒருவர் குழாயைப் பிடித்துத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். நாற்காலிகள் மடித்து அடுக்கிக் கிடந்தன. நான்தான் சீக்கிரம் வந்துவிட்டேன் போல என்று சட்டையை நீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காவலாளி வந்து யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். பெண்ணின் அப்பா என்று சொன்னேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்த வார்த்தையை ஒரு ஆளிடம் சொன்னேன்.

“அந்தக் கல்யாணம் போன ஞாயித்துக்கிழமையே முடிஞ்சுடுச்சே சார்” என்றார். அப்புறம் கிழவியைச் சுற்றி வந்து பார்த்தார். “ஓ, இந்த வண்டிதானா? பொண்ணு வாசல்லயே நின்னுட்டிருந்துச்சு. உள்ள வரச்சொல்லி எல்லாரும் கூப்பிட்டாங்க, வரல. ஏதோ பழைய காரு வரணும்னுச்சு.”

பேக்கிங்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நகத்தால் தடவினேன். துணியை மோந்து பார்த்தேன். தேதியைப் பார்க்கத் தோன்றவில்லை. கடைசிக் கடிதத்தில் ‘வாருங்கள்’ என்று எழுதியிருந்தாய். அதை மலைப்பாதை முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை, கேட்டுக்கொள். ஏற்றத்தில் இல்லை, இறக்கத்தில் இல்லை. ஒழுகியிருந்தால் பாதியில் நின்றிருப்பேன், இதைப் பார்க்காமல் போயிருப்பேன்.

நான் வந்தபோது உள்ளே உன் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. ஷட்டரைத் தட்டியதும் நின்றுவிட்டது. நீ உள்ளேதான் இருக்கிறாய். நான் எழுதுவது உனக்குக் கேட்கிற தூரம்.

கிழவி இங்கேயே நிற்கட்டும். சேம்பரின் அடிப் போல்ட்டைக் கழற்றி வாசலில் போட்டுவிட்டேன். இத்தனை தூரம் ஓடி வந்த சூட்டில் எண்ணெய் தண்ணீராக இறங்குகிறது, சரிவு உன் ஷட்டர் பக்கம். உன் நெஞ்சில் ஈரம் இல்லை என்று எழுதினேன். வாசலாவது ஈரமாக இருக்கட்டும். சாவியை இந்தக் கடிதத்தோடு ஷட்டருக்கு அடியில் தள்ளுகிறேன். நான் பஸ்ஸில் போகிறேன்.

ஏப்ரல் 3

மேஸ்திரிக்கு,

மரத்தூள் கொட்டி அள்ளினேன். மேசைக்கால் வரை வந்திருந்தது. ரேடியோவை நிறுத்தியது நான்தான். நீ பேனாவை உதறியதுகூடக் கேட்டது.

கேட்க மாட்டாய், இருந்தாலும் சொல்கிறேன். நீ உன் துண்டை அனுப்பும்போது தேதி இருபத்துமூன்று என்று முடிவாகிவிட்டிருந்தது. அடுத்த கடிதத்தில் அதை எழுதுவதாகத்தான் இருந்தேன். அவளுக்காக ஒரு நாள் உன் முகத்தைப் பார்த்துத் தொலைக்கலாம் என்று மனதைத் தேற்றி வைத்திருந்தேன். உன் இடத்தில் நிற்க வந்த என் அண்ணனிடம்கூட, அவர் வந்தால் நீங்கள் ஒதுங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தேன். பிறகு அந்தத் துண்டு வந்தது, இஞ்ச் டேப்போடு, உங்கள் இருவர் சிரிப்போடு.

இரண்டாவது பேக்கிங்கைத் தப்பாக வெட்ட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஒரு மூலையில் மெலிதாகச் சீவினால் போதும், பாதி மலையில் உன்னை நிறுத்திவிடும். கத்தியை வைத்துப் பார்த்தேன். கை போகவில்லை. என்ன செய்தும் போகவில்லை. சரியாக வெட்டினேன், ஈரத் துணியில் சுற்றினேன், பிறகு பேனாவை எடுத்தேன். அதில் கை போனது.

பெயிண்டரை நான் கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை. உனக்கு எந்த வழியிலும் தெரியக் கூடாது என்று ஒவ்வொன்றாக அடைத்தேன்.

அவள் வாசலில் நின்றது உண்மை. வெயில் ஏறியது. மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். நான் போய்ச் சொன்னேன், அப்பாவிடமிருந்து தகவல் வந்தது, வழியிலேயே பேக்கிங் போய்விட்டதாம், எண்ணெயெல்லாம் கொட்டிவிட்டதாம் என்று.

“நீ வெட்டின பேக்கிங்கா?” என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். என் வாழ்க்கையில் என் பேக்கிங்கைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் என் கைகளைப் பார்த்தாள். பிறகு உள்ளே வந்தாள். மாலையில் வாடகைக் காரில் ஏறிப் போனாள்.

கிழவியை எங்காவது தள்ளி நிறுத்தலாம் என்று ஆள் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் செவ்வாய்க்கிழமை, மிச்சத் துணிமணிகளை எடுக்க அவளே வந்துவிட்டாள். தெருமுனையிலேயே பார்த்திருப்பாள் போல. மாப்பிள்ளையை அங்கேயே நிறுத்திவிட்டு ஓடி வந்தாள். முதலில் பின் கதவைத் திறந்து அந்த வெள்ளை உறையில் போய் உட்கார்ந்தாள். யாரும் இல்லாத முன் சீட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு இறங்கி, புதுப் புடவையோடு தரையில் முட்டி போட்டு, வண்டிக்கு அடியில் கையை விட்டாள். கழற்றிப் போட்ட போல்ட் பக்கத்திலேயே கிடந்தது. அதை அவள் தொடவில்லை. சேம்பரின் விளிம்பை முன்னாலிருந்து பின்னால் வரை ஒரு விரலால் தடவிக்கொண்டே போனாள். நாம் சொல்லிக்கொடுத்ததுதான்.

எழுந்து வந்து அந்த விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். விரலில் ஈரமே இல்லை.

“இது ஒழுகலையேம்மா” என்றாள்.

துணிமணியை எடுக்காமலே போய்விட்டாள். நேற்று அவள் வீட்டுக்குப் போன் செய்தேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாள்.